பச்சைப் பட்டை ஏன் காலியாகக் கிடக்கிறது?

கேள்வி: எங்கள் ஊர் மெயின் ரோட்டில் இரண்டு கிலோமீட்டருக்குப் பச்சை பெயின்ட் அடித்து, நடுநடுவே சைக்கிள் படம் வரைந்து, சைக்கிள் பாதை என்று திறந்தார்கள். முதல் நாள் அதிகாரிகள் ஓட்டினார்கள், பேப்பரில் படம் வந்தது. இப்போது அதில் கார் நிற்கிறது, டிபன் கடை வண்டி நிற்கிறது, சைக்கிளைத்தான் காணோம். என் மகளுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு சைக்கிள் வீட்டில் இருக்கிறது. பள்ளியும் மூன்று கிலோமீட்டர்தான். ஆனாலும் தினமும் நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன். "நம்ம வெயிலுக்கு யாரும்மா சைக்கிள் ஓட்டுவா? ஓட்ட ஆளே இல்லாத ஊர்ல பாதை போட்டா இப்படித்தான்" என்கிறார் எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர். அவர் சொல்வது சரியா? சைக்கிள் பாதை நன்றாக ஓடுகிற ஊர்களில் என்னதான் மாற்றிச் செய்கிறார்கள்?
— ஒரு வாசகி (ஊர்ப் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: ஊர்ப் பெயரை மறைத்துப் பயனில்லை. படிக்கிறவர்களில் பாதிப் பேர் தங்கள் ஊரைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளப் போகிறார்கள். கேள்வி நல்ல கேள்வி. போதாக்குறைக்குப் பதிலில் பாதியையும் அதற்குள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறீர்கள்: பள்ளி மூன்று கிலோமீட்டர், பாதை இரண்டு கிலோமீட்டர். மிச்சமுள்ள அந்த ஒரு கிலோமீட்டரில்தான் விஷயம் இருக்கிறது. ஆனால் முதலில் எதிர்வீட்டாருக்குப் பதில் சொல்லிவிடுவோம். பொறியாளர் என்பதால் கணக்கோடு சொல்ல வேண்டும்.

வெயில் என்கிறார். ஸ்பெயின் நாட்டின் தெற்கே செவில் என்று ஒரு நகரம் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 7 லட்சம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் உச்ச வெப்பத்தின் சராசரியே 36 டிகிரி செல்சியஸ்; 40ஐத் தாண்டினால் அங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை. நம் கடலோர ஊர்களின் புழுக்கம் அங்கே கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வெயில் வெயில்தான். 2006 வரை அந்த நகரத்தில் இருந்த சைக்கிள் பாதை சுமார் 12 கிலோமீட்டர். அதுவும் இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. பயணங்களில் சைக்கிளின் பங்கு நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லை. அன்றைக்கு அங்கே போய்ப் பார்த்திருந்தால் உங்கள் எதிர்வீட்டார் இதே தீர்ப்பைத்தான் எழுதியிருப்பார்.

மேயர் அல்ஃபிரெடோ சாஞ்செஸ் மொன்தெசெயிரின் காலத்தில் மாநகராட்சி ஒரு காரியம் செய்தது. இன்றைக்கு ஒரு தெரு, அடுத்த நிதியாண்டில் இன்னொரு தெரு என்று போகாமல், நகரம் முழுவதையும் தொடும் சுமார் 80 கிலோமீட்டர் பாதையை 2006, 2007இல் ஒரே வீச்சில் கட்டி முடித்தது. 2010க்குள் அது 120 கிலோமீட்டர் ஆயிற்று. பெரும்பாலும் நடைபாதை உயரத்தில், கார்களிலிருந்து பிரித்து, இரண்டு திசைக்குமாக இரண்டரை மீட்டர் அகலம். அதற்காகச் சுமார் 5,000 கார் நிறுத்துமிடங்களை எடுத்தார்கள். செலவு 3.2 கோடி யூரோ அளவில். நாளொன்றுக்கு 6,000 என்று இருந்த சைக்கிள் பயணம் சில ஆண்டுகளில் 70,000 அளவுக்குப் போனது. வெயில் குறையவில்லை, மக்களும் மாறவில்லை, மாறியது தெரு. மதியம் இரண்டு மணிக்கு ஓட்டச் சொல்லி நானும் யாரையும் வற்புறுத்தமாட்டேன். ஆனால் நம் பள்ளிகள் காலையில்தானே திறக்கின்றன?

"ஓட்ட ஆளே இல்லை" என்பது அவருடைய அடுத்த வாதம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்கு எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். விவசாயமும் வீட்டுத்தொழிலும் நீங்கலாக மற்ற தொழிலாளர்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் சைக்கிள் என்றார்கள். ஸ்கூட்டர், பைக் என்றவர்களும் ஏறக்குறைய அதே அளவுதான். காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட் போடுகிறவரும், ஆறு மணிக்குக் கட்டட வேலைக்குப் போகிற கொத்தனாரும், இரவு ஷிப்ட் முடித்து வரும் காவலாளியும் சைக்கிளில்தான் போகிறார்கள். எதிர்வீட்டார் எழுந்து காபி குடித்து வாசலுக்கு வருவதற்குள் அவர்கள் போய்விடுகிறார்கள், அவ்வளவுதான். பழக்கம் இல்லாதவர்கள் பழகமாட்டார்கள் என்பதும் நம்மிடம் எடுபடாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அதுவரை பெடலில் கால் வைக்காத பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். இன்றோ ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. வண்டி இருக்கிறது, கால் இருக்கிறது, போகவேண்டிய இடமும் இருக்கிறது.

அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சாலைகளுக்கு நெறிமுறை எழுதும் அமைப்பான இந்தியச் சாலைப் பேராயம் 1962இல் ஒரு விதி சொன்னது: மணிக்கு 100 முதல் 200 மோட்டார் வாகனங்கள் போகும் சாலையில், நெரிசல் நேரத்தில் மணிக்கு 400 சைக்கிளாவது போனால் தனிப்பாதை போடலாம், மோட்டார் வாகனம் 200ஐத் தாண்டினால் 100 சைக்கிள் போதும். சாலை முழுக்க சைக்கிளாக இருந்த காலத்தில் அது பொருந்திய கணக்கு. இன்றைக்கு அதே கணக்கை எடுத்தால், பயந்து வெளியே வராதவர்களைக் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணுகிறோம். பயந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தவர் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் சைக்கிள் திட்டங்களை ஒருங்கிணைத்த ராஜர் கெல்லர். 2006இல் அவர் ஊர் மக்களை நான்காகப் பிரித்தார். எந்தச் சாலையிலும் அஞ்சாமல் ஓட்டுகிறவர் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. ஓரளவு வசதி இருந்தால் உற்சாகமாக வருகிறவர் 7. எப்படியும் வரவே மாட்டேன் என்பவர் 33. மீதி 60 பேர், "ஆசைதான், பயமாக இருக்கிறது" என்பவர்கள். அது அவருடைய உத்தேசக் கணக்குதான். ஆனால் பிறகு அதே ஊரில் பேராசிரியர் ஜெனிஃபர் டில் முறையாக ஆய்வு செய்தபோதும் ஏறக்குறைய இப்படியே வந்தது. நம் ஊரில் எண்கள் வேறாக இருக்கலாம். ஆசையும் பயமும் உள்ள அந்தக் கூட்டம் இங்கேயும் இருக்கிறது என்பதற்கு நீங்களும் உங்கள் மகளுமே சாட்சி.

இனி அந்த ஒரு கிலோமீட்டர். நூறு அடிக் கிணற்றுக்குத் தொண்ணூறு அடிக் கயிறு வாங்கினால் தொண்ணூறு பங்கு தண்ணீர் கிடைத்துவிடாது. சைக்கிள் பயணமும் இந்த ரகம்தான். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை உள்ள வழியில் எந்த இடம் மிக மோசமோ, அந்த இடத்தைப் பார்த்துத்தான் ஒரு தாய் முடிவெடுக்கிறாள். நல்ல இரண்டு கிலோமீட்டரை அவள் கணக்கில் சேர்ப்பதேயில்லை. ஆகவே பாதையின் நீளத்தைச் சொல்லிப் பெருமைப்படும் அறிக்கைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நெதர்லாந்துக்காரர்கள் இதைக் காசு செலவழித்துக் கற்றுக்கொண்டார்கள். அந்த நாடு பிறவியிலேயே சைக்கிள் நாடு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1950, 60களில் அங்கேயும் கார் பெருகி சைக்கிளை ஓரங்கட்டிக்கொண்டிருந்தது. 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் சிறுவர் சிறுமியர். பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று பெற்றோர் தெருவுக்கு வந்து போராடினார்கள். அதன்பின் அரசு 1970களின் நடுவில் தி ஹேக், தில்பர்க் ஆகிய நகரங்களில் ஊருக்கொன்றாக மாதிரிப் பாதை போட்டது. உங்கள் பச்சைப் பட்டையைப் போல் அல்ல. அகலமான, அழகான, பிரித்துக் கட்டிய பாதைகள். ஓட்டியவர்கள் பாராட்டினார்கள். ஆனால் கணக்கெடுத்தபோது, பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் இந்தத் தெருவுக்கு மாறியிருந்தார்கள். புதிதாக ஓட்ட வந்தவர் சொற்பம்.

அடுத்து டெல்ஃப்ட் என்ற சிறிய நகரத்தில் வேறு மாதிரி முயன்றார்கள். 1980களில் ஊர் முழுவதையும் ஒரு வலையாகப் பார்த்து, மூன்று அளவில் கண்ணி பின்னினார்கள். நகரத்தைக் கடந்து போகிறவருக்குச் சுமார் 500 மீட்டருக்கு ஒரு வழி. பேட்டைக்குள் பள்ளிக்கும் கடைக்கும் போகிறவருக்கு 200, 300 மீட்டருக்கு ஒன்று. வீட்டுப் பக்கத்துச் சந்து பொந்துகளில் 100 மீட்டருக்கு ஒன்று. வேலையில் பெரும்பகுதி புதிய சாலை போடுவதே இல்லை. வாய்க்கால் மேல் ஒரு சிறிய பாலம், ரயில் பாதைக்கு அடியில் ஒரு வழி, ஒருவழித் தெருவில் சைக்கிளுக்கு மட்டும் எதிர்த்திசை அனுமதி, இப்படி அறுந்த இடங்களைக் கட்டினார்கள். ஏற்கெனவே நூற்றுக்கு 40 பயணம் சைக்கிளில் போன ஊரில் அது 43 ஆயிற்று. மூன்று என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஏற்கெனவே நிறைந்திருந்த ஊரில் கூடிய மூன்று அது. செவில் 2006இல் ஒரே வீச்சில் கட்டியதற்கும் இதே படிப்பினைதான் அடிப்படை. சைக்கிளோட்டிகளின் விபத்து அபாயத்தை ஆண்டுவாரியாகக் கணக்கிட்ட செவில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிக்கார்டோ மார்க்கேஸும் அவர் கூட்டாளியும், துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலையான காலத்தில்தான் அபாயம் சரிந்தது என்று கண்டார்கள்.

இப்போது நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பச்சைப் பட்டை எந்த இடத்தில் முடிகிறது என்று பாருங்கள். பந்தயமே கட்டுவேன்: ஒரு பெரிய சிக்னலுக்கோ ரவுண்டானாவுக்கோ முப்பது, நாற்பது மீட்டர் முன்னால் முடிந்து, தாண்டிய பிறகு மறுபடி தொடங்கும். இது பெயின்ட் தீர்ந்ததால் அல்ல. சிக்னல் பச்சையாக இருக்கும் சில நொடிக்குள் எத்தனை வண்டியைக் கடத்தலாம் என்பதுதான் சந்திப்பை வடிவமைக்கிறவரின் கவலை. இரண்டு வரிசையாக வந்த சாலையை அங்கே மூன்றாக, நான்காக விரிப்பார்: இடப்பக்கம் திரும்ப ஒன்று, நேரே போக இரண்டு, வலப்பக்கம் திரும்ப ஒன்று. அந்தக் கூடுதல் அகலத்தை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். மரத்தை வெட்டினால் கேள்வி வரும், கடையை இடித்தால் வழக்கு வரும். பச்சைப் பட்டையை எடுத்தால் ஒன்றும் வராது. இப்படித்தான், சைக்கிளுக்குப் பாதை மிக அவசியமான இடத்தில் அது காணாமல் போகிறது.

மிக அவசியம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நேர்ச்சாலையில் எல்லோரும் ஒரே திசையில் போகிறோம். சந்திப்பில்தான் ஒருவர் வழியை இன்னொருவர் வெட்டுகிறோம். நம் நாட்டில் சைக்கிள் இடது ஓரத்தில் போகிறது. நேரே போக வேண்டிய உங்கள் மகளுக்கு வலப்பக்கத்தில் ஒரு பேருந்து. அது இடப்பக்கம் திரும்புகிறது. நீண்ட வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாது, மூலையை ஒட்டி உள்ளே வெட்டிக்கொண்டு போகும். பேருந்தின் தலை தன்னைத் தாண்டிப் போய்விட்டதே என்று சைக்கிளில் இருப்பவர் நினைக்கும்போது அதன் வயிறு அவர்மேல் சாய்ந்து வருகிறது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து இடது பின்பக்கம் ஒரு பகுதி தெரியவே தெரியாது; பார்வை மறைவு என்பார்கள். இருவர் மீதும் தவறில்லாமலேயே விபத்து நடக்கக்கூடிய வடிவம் இது. நம் சிக்னல்களில் இதற்கு மேலே ஃப்ரீ லெஃப்ட் வேறு. சிவப்பு விழுந்தாலும் நிற்காமல் இடப்பக்கம் திரும்பும் அந்த ஓட்டத்தை நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் எந்த நொடியில் கடப்பது? நகர்ச் சாலைகளில் ஒன்றை மட்டும் ஒழிக்க எனக்கு அதிகாரம் கொடுத்தால் ஃப்ரீ லெஃப்டைத்தான் ஒழிப்பேன்.

சந்திப்பில்தான் ஆபத்து என்பதை லண்டன் வருத்தத்தோடு கற்றது. 2010இல் 'சைக்கிள் சூப்பர்ஹைவே' என்ற பெரிய பெயரில் சாலையோரம் நீலச் சாயம் பூசத் தொடங்கினார்கள். 2011இல் திறந்த இரண்டாம் எண் பாதை போ என்னும் இடத்து ரவுண்டானாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அங்கே இரண்டு சைக்கிளோட்டிகள் இறந்தார்கள். அந்தப் பாதையில் நேர்ந்த மரணங்களை விசாரித்த அதிகாரி 2013இல், வெறும் சாயம் ஓட்டுகிறவருக்குப் பொய்யான பாதுகாப்பு உணர்வைத் தருகிறது என்று எச்சரித்தார். 2016க்குள் அந்தப் பாதையின் பெரும்பகுதியைத் தடுப்புக் கல் வைத்துப் பிரித்து, சந்திப்புகளில் சைக்கிளுக்கென்று தனி சிக்னல் நேரம் கொடுத்து மறுபடி கட்டினார்கள்.

நல்ல சந்திப்பு எப்படி இருக்கும் என்பதற்கு டச்சுக்காரர்கள் வைத்திருக்கும் வடிவத்தை இப்போது பல நாடுகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. மூலையில் உயர்த்திக் கட்டிய ஒரு சின்னத் திட்டு இருக்கும். திரும்பும் கார் அதைச் சுற்றித்தான் போக வேண்டும் என்பதால் வேகம் தானாகக் குறைகிறது. சைக்கிள் கடக்கும் இடம் சந்திப்பின் விளிம்பிலிருந்து ஒரு கார் நீளம், அதாவது ஏறத்தாழ ஐந்து மீட்டர், தள்ளி இருக்கும். கார் பாதி திரும்பி முடித்தபின்தான் அந்தக் கடப்பு வருகிறது. அப்போது சைக்கிள் ஓட்டுநருக்கு முதுகுப்பக்கத்தில் இல்லாமல் முன்கண்ணாடியில் நேரே தெரியும். நிறுத்தக் கோடும் சைக்கிளுக்குச் சில மீட்டர் முன்னால். பச்சையும் சில நொடி முன்னால். பேருந்து கிளம்புவதற்குள் பிள்ளைகள் பாதி தாண்டியிருப்பார்கள். இதற்கு மேம்பாலச் செலவெல்லாம் கிடையாது. கான்கிரீட் திட்டு நான்கு, சிக்னல் பெட்டிக்குள் ஒரு மாற்றம். ஆனால் கார் வரிசையில் ஒன்றைக் குறைக்க வேண்டும். கஷ்டம் அந்த இடத்தில்தான்.

செவில்காரர்கள் செய்தது எல்லாம் சரி என்றும் இல்லை. சாலையின் ஒரே பக்கத்தில் இருதிசைப் பாதை போட்டது மலிவு, விரைவு. இடைவிடாத வலையும் கிடைத்தது. ஆனால் சந்திப்பில் திரும்பும் ஓட்டுநர் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, சைக்கிள் மறுபக்கத்திலிருந்தும் வரும். ஒழுங்கை மீறுவதே ஒழுங்காகிவிட்ட நம் மூலைகளில் அந்த வடிவத்தை அப்படியே எடுத்துவைக்க எனக்குத் துணிச்சல் வராது. சாலையின் இரு பக்கமும் ஒவ்வொரு திசைக்கு ஒரு பாதை என்பதே இங்கே சரிப்படும்.

பெயின்ட் போதாது, கட்டித்தான் பிரிக்க வேண்டும் என்றால் எல்லாத் தெருவிலும் சுவர் எழுப்புவதா என்று எதிர்வீட்டார் கேட்கக்கூடும். வேண்டாம். மோதலின் தாக்கம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது, அதாவது வேகத்தை வேகத்தாலேயே பெருக்கிய அளவில். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரிடம் 30இல் வருவதைப் போல ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றல் இருக்கிறது. எனவே டச்சுக்காரர்களின் விதி எளிது: 50இல் ஓடும் சாலையில் பிரி, 30க்குக் கீழே கொண்டுவர முடிந்த தெருவில் கலந்து விடு. உங்கள் வீட்டுத் தெருவுக்கும் பள்ளித் தெருவுக்கும் பச்சைப் பட்டையே தேவையில்லை. ஒழுங்கான வேகத்தடையும், மெயின் ரோடு நெரிசலுக்குப் பயந்து குறுக்குவழியாக நுழையும் கார்களைத் தடுக்கும் ஏற்பாடும் போதும். ஒழுங்கான வேகத்தடை என்று அழுத்திச் சொல்கிறேன். ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டு, முதுகெலும்பை எண்ண வைக்கும் அந்த மேடு அல்ல. ஏறி, சமமாகப் போய், இறங்கும் அகலமான மேடை.

பிரிக்க வேண்டிய மெயின் ரோட்டில், கார் நிறுத்துவதை முதலில் தீர்க்க வேண்டும். நடைபாதை, அதை ஒட்டி சைக்கிள் பாதை, அதற்கு வெளியே கார் நிறுத்தம், அதற்கும் வெளியே ஓடும் வண்டிகள் என்ற வரிசைதான் சரி. நின்ற கார்களே தடுப்பாகிவிடும். காரையும் பாதையையும் பிரிக்க நடுவில் ஒரு மீட்டர்போல விட வேண்டும், இல்லையேல் திறக்கும் கதவு முகத்தில் அடிக்கும். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: காரை நடைபாதையை ஒட்டி நிறுத்தவிட்டு, சைக்கிளை நின்ற காருக்கும் ஓடும் பேருந்துக்கும் இடையில் அனுப்புகிறோம். பேருந்து நிறுத்தத்திலும் இதே சிக்கல். பாதை நிறுத்தத்துக்குப் பின்னால் வளைந்து போனால், பயணிகள் ஒரு தீவில் நின்று ஏறுவார்கள். சைக்கிள் தன் பாட்டுக்குப் போகும். முன்னால் போனால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேருந்து சைக்கிளின் மேல் வந்து நிற்கும். ஷேர் ஆட்டோக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு சிக்கலுக்கு மட்டும் ஐரோப்பாவில் விடை தேட முடியாது. அது டூவீலர். டெல்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 2008இல் தனிப்பேருந்துத் தடம் திறந்தபோது, கூடவே நல்ல சைக்கிள் பாதையும் கட்டினார்கள். நெரிசல் நேரத்தில் அதற்குள் பைக்குகள் புகுந்தன. குட்டைக் கம்பங்களை நட்டுத் தடுக்கலாம் என்பார்கள். சைக்கிள் தாராளமாக நுழையும் இடைவெளியில் ஸ்கூட்டரும் நுழையும். ஸ்கூட்டர் நுழையாத இடைவெளியில் மீன்பாடி வண்டியும் மூன்று சக்கர சைக்கிளும் மாட்டிக்கொள்ளும். எனவே முழு விடை கம்பத்தில் இல்லை. நுழைவாயில்களில் ஒரு திருப்பம், அடிக்கடி ஏறி இறங்கும் தள மாற்றம், தொடக்க மாதங்களில் விடாத போக்குவரத்துக் காவல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பாதையில் நிறைய சைக்கிள். பாதை நிரம்பினால் பைக்குக்கு உள்ளே வந்து லாபமில்லை. காலியாக இருக்கும் வரைதான் அது குறுக்குவழி.

கடைசியாக அறுந்த இணைப்புகள். எதிர்த்திசையில் சைக்கிள் வருகிறதே என்று எல்லோரும் திட்டுகிறோம். நடுவில் மீடியனைத் தொடர்ச்சியாக அடைத்து, திரும்பும் இடத்தை ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்தால், எதிரே தெரியும் கடைக்கு இரண்டு கிலோமீட்டர் மிதித்துப் போகச் சொல்கிறோம் என்று பொருள். காரில் இருப்பவருக்கு அது மூன்று நிமிடம், மிதிப்பவருக்கு வியர்வை. ரயில்வே கேட்டை மூடி மேம்பாலம் கட்டியபோதும் இதுதான் நடந்தது: லாரிகளோடு சேர்ந்து ஏற்றம் ஏற வேண்டும், அல்லது மழை பெய்தால் குளமாகும் சுரங்கப்பாதையில் இறங்க வேண்டும். விதிமீறல் கூடுதலாக நடக்கும் இடங்களைக் குறித்துப் பாருங்கள், எங்கே இணைப்பு வேண்டும் என்பதற்கு வரைபடமே கிடைத்துவிடும். கோபன்ஹேகன் துறைமுகப் பகுதியில் ஒரு வணிக வளாகத்தருகே மக்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். 2014இல் அந்த இடத்தில் நான்கு மீட்டர் அகலத்தில் வளைந்து செல்லும் ஒரு சைக்கிள் பாலம் கட்டினார்கள். நீளம் கால் கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நகரத்தின் இரண்டு பெரிய வழிகளை அது சேர்த்துவைத்தது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: எதிர்வீட்டார் பார்த்தது சரி, எடுத்த முடிவு தவறு. பாதை காலிதான். ஊருக்கு சைக்கிள் வேண்டாம் என்று அதற்குப் பொருளில்லை. யாரும் பயன்படுத்த முடியாத ஒன்றுக்குப் பாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் மகளை அந்தப் பட்டையை நம்பி அனுப்பாதது உங்கள் கோழைத்தனமும் இல்லை. நானாக இருந்தாலும் இப்போதைக்கு அனுப்பமாட்டேன்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டிலிருந்து பள்ளி வரை மகளோடு நடந்து பாருங்கள். நெஞ்சு பதறும் இடங்களை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். பெரும்பாலும் மூன்று, நான்குக்கு மேல் இருக்காது. பள்ளிப் பெற்றோர் பத்துப் பேர் கையெழுத்திட்டு, அந்த இடங்களைப் பெயர் சொல்லி, வார்டு கவுன்சிலரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் கொடுங்கள். சைக்கிள் பாதையை நீட்டித் தாருங்கள் என்று பொதுவாகக் கேட்டால் இன்னும் ஒரு கிலோமீட்டர் பச்சை பெயின்ட் வரும். இன்ன சிக்னலில் ஃப்ரீ லெஃப்டை மூடி மூலையில் திட்டு கட்டுங்கள், இன்ன இடத்தில் மீடியனில் சைக்கிள் போகும் அளவுக்கு வழி விடுங்கள், இன்ன நிறுத்தத்தில் பாதையைப் பின்னால் திருப்புங்கள் என்று கேளுங்கள். மழைநீர் வடிகாலுக்கோ குழாய்க்கோ அந்தச் சாலையைத் தோண்டப்போகிறார்கள் என்று தெரிந்தவுடனேயே கேட்டுவிடுங்கள். மூடித் தார் போட்டபின் போனால் நிதி இல்லை என்றுதான் பதில் வரும்.